சந்தா கட்டாதவர் மௌத்தானால்?



நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் கேள்விகள் பல எழுகின்றன. வரவு செலவைப் பற்றிச் சில. மீலாது விழாவைப் பற்றிச் சில. நிர்வாகத் தேர்தலைப் பற்றிப் பல. இவையெல்லாம் எழுந்த வேகத்திலேயே பகல் விருந்தோடு அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அப்படி அடங்குவதில்லை. சங்கத்தின் மரண சகாய நிதிக்குச் சந்தா கட்டாத ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவருடைய அடக்கச் செலவைச் சங்கம் ஏற்கலாமா, கூடாதா என்பதே அக்கேள்வி.

இதைச் சில்லறை நிர்வாக விஷயம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஊன்றிப் பார்த்தால், ஒரு சங்கம் எதற்காக இருக்கிறது என்ற முழுக் கேள்வியும் இதற்குள் அடங்கியிருப்பது தெரியும். ஆகவே நிதானமாக ஆராய்வோம்.

எந்தச் சங்கத்திலும் நடக்கக்கூடிய ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அஞ்சடியில் பத்திரிகையும் சிகரெட்டும் மிட்டாயும் விற்றுப் பிழைத்து வந்த ஒருவர். முதலிரண்டு ஆண்டுகள் ஒழுங்காகச் சந்தா கட்டியவர். பிறகு வசூலுக்குப் போனவரிடம், "அடுத்த மாதம் பார்க்கலாம், தம்பி" என்று சொல்லத் தொடங்கினார். அடுத்த மாதம் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. விதிப்படி நினைவூட்டுக் கடிதம் போயிற்று. விதிப்படியே பெயரும் அடிக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து ஒரு வியாழன் இரவு அவர் மௌத்தாகிவிடுகிறார். அவர் மகன் காரியதரிசிக்குத் தொலைபேசியில் சொல்கிறான். காரியதரிசி பொருளாளரைக் கேட்கிறார். பொருளாளர் தலைவரைக் கேட்கச் சொல்கிறார். தலைவர் விதியைப் பார்க்கச் சொல்கிறார். இதற்குள் சுபுஹுக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. மையித்து இன்னும் குளிப்பாட்டப்படவில்லை.

இந்நிலையில் யார் செய்வது சரி? விதியைப் பார்க்கச் சொன்னவரா, விதியைத் தூர வையுங்கள் என்று சொல்லக்கூடியவரா?

முதலில் பொருளாளரின் கட்சியைக் கேட்போம். இத்தகைய விவகாரங்களில் பொருளாளரை ஈரமற்றவர் என்று பழித்துவிடுவது எளிது. ஆனால் அவர் கூறுவதில் நியாயம் உண்டு. அது ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, நிதி அவருடைய சொந்தப் பணமன்று; அமானத். சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் ஒருவர், தாம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் சில வெள்ளியை ஒதுக்கி, நாளை தமக்கு ஒன்று நேர்ந்தால் தம் குடும்பம் பிறர் வாசலில் நிற்கக்கூடாது என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பணத்தை அவரைக் கேளாமல் வேறொருவருக்குச் செலவழித்துவிட்டு, "தருமம் செய்தோம்" என்று நாம் மகிழ்வது எப்படிப் பொருந்தும்? தன் பையில் கைவிட்டுக் கொடுப்பதுதான் தருமம். பிறர் பையில் கைவிட்டுக் கொடுப்பதற்கு வேறு பெயர் உண்டு.

இரண்டாவது, கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே மரியாதை என்றால் நாளை கட்டுபவர் யார்? வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடன் வாங்கியவனுக்கும் ரொக்கம் கொடுத்தவனுக்கும் ஒரே விலை என்று பலகை எழுதி வைத்தால் கடைக்கு ரொக்கம் வருமா? நிதி வற்றிவிட்டால், அன்றைக்குத் தவிப்பவர் சந்தா கட்டாத பணக்காரரல்லர். ஒழுங்காகக் கட்டிவந்த ஏழைதான்.

இவ்விரண்டு நியாயங்களையும் யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்க நினைப்பவர் ஒருமுறையேனும் ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரு முஸ்லிம் மௌத்தானால் அவரைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, ஜனாஸாத் தொழுகை நடத்துவது, அடக்கம் செய்வது ஆகிய நான்கும் பர்ளு கிபாயா. ஷாபியீயானாலும் ஹனபியானாலும் இதில் கருத்து வேற்றுமை இல்லை. சிலர் நிறைவேற்றினால் எல்லார் மீதும் உள்ள கடமை நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால், அறிந்தும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகளாவர். இது சங்கம் தோன்றுவதற்கு முன்பே, சங்கம் என்ற சொல்லே இல்லாத இடத்திலும் இருந்த கடமை.

செலவு யாருடையது என்பதற்கும் மார்க்க அறிஞர்கள் வரிசை வகுத்துத் தந்திருக்கிறார்கள். முதலில் இறந்தவர் விட்டுச்சென்ற பொருள். பொதுவான கடன்களைத் தீர்ப்பதற்கும் வாரிசுகளுக்குப் பங்கிடுவதற்கும் முன்பாகவே அடக்கச் செலவு அதிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அவருக்கு ஒன்றுமில்லையென்றால், வாழ்ந்தபோது அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டிருந்தவர். அவரும் இல்லையென்றால் பைத்துல்மால். அதுவும் இல்லையென்றால் வசதியுள்ள முஸ்லிம்கள். இந்த வரிசையை எத்தனை முறை படித்தாலும், "சந்தா பாக்கி இல்லாதிருத்தல்" என்ற படி எங்கும் காணப்படவில்லை.

அப்படியானால் பொருளாளர் சொன்னது தவறா? அவசரப்பட வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சி இங்கே வழிகாட்டுகிறது. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்குக் கடன் உண்டா, அதை அடைக்க ஏதேனும் விட்டுச்சென்றாரா என்று அன்னார் விசாரித்தார்கள். கடன் உண்டு, அடைக்க வழியில்லை என்று அறிந்ததும், தாங்கள் முன்னின்று தொழவைக்காமல், தோழர்களைத் தொழுதுகொள்ளுமாறு கூறினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகு நாயகம் அவர்களே தொழவைத்தார்கள். பின்னாளில் வசதி ஏற்பட்டபோது, அடைக்க வழியின்றிக் கடனுடன் இறப்போரின் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் வழக்கமாகக் கடனின் கொடுமையைச் சொல்லவே எடுத்துக்காட்டுகிறோம். அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கடன் கடன்தான் என்பது அங்கே மறைக்கப்படவில்லை. ஆனால் கடனைக் காரணம் காட்டித் தொழுகையும் நிறுத்தப்படவில்லை, அடக்கமும் நிறுத்தப்படவில்லை. பாக்கி ஒரு பக்கம். மையித்தின் உரிமை ஒரு பக்கம். இரண்டும் ஒரே தராசில் போடப்படவில்லை.

நம் குழப்பமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. மரண சகாய நிதி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு காரியங்களை நாம் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்று, இறந்தவரை முறைப்படி அடக்கம் செய்வது. மற்றது, அவர் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து உதவுவது. முன்னது இறந்தவருக்கு எல்லார் மீதும் உள்ள உரிமை. பின்னது உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாட்டில் சேராதவருக்கு அதன் பலன் இல்லை என்று சொல்வதில் பாவமில்லை, அது நீதியும்கூட. ஆனால் அந்தச் சொல்லை உரிமையின்மீது நீட்டுவதற்கு நமக்கு அதிகாரமில்லை.

பொருளாளரின் முதல் நியாயத்துக்கு இதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. உறுப்பினர் நிதியை அவர்களைக் கேளாமல் தொடவேண்டாம். தனியாக ஒரு பெட்டி வைப்போம். "சந்தா பாராமல் யாருடைய அடக்கத்துக்கும்" என்று அதன்மேல் எழுதுவோம். கொடுப்பவர் அறிந்து, மனமுவந்து கொடுக்கட்டும். அல்லது மகாசபை கூடி, நிதியில் இத்தனை பங்கு இதற்கென்று எல்லார் முன்னிலையிலும் தீர்மானிக்கட்டும். அப்போது அமானத்தும் காக்கப்படும், மையித்தும் காத்திருக்காது. இரவில் இரண்டு மூன்று நிர்வாகிகள் தங்கள் இளகிய மனத்தால் விதியை வளைப்பதைவிட, பகலில் எல்லாரும் கூடி நல்ல விதி செய்வது மேலல்லவா?

இரண்டாவது நியாயத்துக்கு வருவோம். அடக்கச் செலவு இலவசமாகக் கிடைக்கும் என்று நம்பி ஒருவர் சந்தாவை நிறுத்திவிடுவாரா? சந்தாவை நிறுத்தினால் குடும்பத்துக்குரிய தொகையை இழப்பார். மேலும், அவர் பொருளுள்ளவராயிருந்தால் சங்கம் முன்பணமாகச் செலவிட்டதை அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து கேட்டுப் பெறலாம். மார்க்கமே அதற்கு முதலிடம் தந்திருக்கிறது. பொருளில்லாதவராயிருந்தால், அவர் நம்மை ஏமாற்றியவரல்லர். நாம் பாராமல் விட்டவர்.

ஆம், பாராமல் விட்டவர்! சந்தா கட்டாதவர்களில் மூன்று வகையினர் உண்டு. கட்ட முடியாதவர், கட்ட மறந்தவர், கட்ட மனமில்லாதவர். ஆனால் வசூல் புத்தகத்தில் மூவருக்கும் ஒரேமாதிரி வெற்றுக் கட்டந்தான். "அடுத்த மாதம் பார்க்கலாம், தம்பி" என்ற சொல்லுக்குள் வியாபாரம் படுத்துவிட்ட செய்தி இருந்திருக்கலாம். மனைவியின் மருத்துவச் செலவு இருந்திருக்கலாம். வாய்விட்டுச் சொல்ல முடியாத வெட்கம் இருந்திருக்கலாம். நாம் அனுப்பியதோ கடிதம். கடிதம் கதவுவரை போகும். உள்ளே போய் அடுப்பெரிகிறதா என்று பார்க்காது.

முன்னாளில் இந்தக் குறை இவ்வளவு இருந்ததில்லை. காரணம் அன்றையோர் நம்மைவிட நல்லவர்கள் என்பதன்று. அருகில் வாழ்ந்தார்கள் என்பதே. தஞ்சோங் பகாரிலும் சிராங்கூன் சாலைப் பக்கத்திலும் நம்மவர்கள் நெருங்கிக் குடியிருந்த காலத்தில், ஒருவர் இரண்டு நாள் தேநீர்க் கடைக்கு வராவிட்டால் மூன்றாம் நாள் யாரேனும் போய்ப் பார்ப்பார். 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்து, புதிய பேட்டைகள் எழுந்து, அடுத்த ஆண்டுகளில் நாம் உட்லண்ட்ஸ், ஜூரோங், தெம்பனீஸ் என்று தீவெங்கும் பரவினோம். வீடு நல்ல வீடாயிற்று; தண்ணீரும் விளக்கும் வந்தன; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் முகவரிப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டார். அறிந்திருந்த அண்டை வீட்டார் போய், அறியாத அண்டை வீட்டார் வந்தார்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் மார்க்கம் இத்தனை அழுத்திச் சொல்லியிருக்கையில், சங்கத்தின் வேலை அந்த இடைவெளியை அடைப்பதுதானே? முகவரிப் பட்டியலை அச்சிடுவது மட்டுமா?

நம் முன்னோர் தங்கள் சந்தாவை எப்படி எண்ணினார்கள் என்பதற்கு இந்நகரிலேயே சான்று உண்டு. கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உழைத்துப் பிழைத்தவர்கள், 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1982-ல் மூடப்படும் வரை நடந்தது. அங்கே படித்தவர்கள் கடையநல்லூர்ப் பிள்ளைகள் மட்டுந்தானா? வேற்றூர்ப் பிள்ளைகளும் படித்தார்கள். வேற்றுச் சமயப் பிள்ளைகளும் படித்தார்கள். ஓர் ஊராரின் உழைப்பில் எழுந்த கட்டடத்தின் வாசலில், "உன் தகப்பனார் எந்த ஊர்?" என்ற கேள்வி நுழைவுச் சீட்டாக வைக்கப்படவில்லை. அதனால் அந்த ஊராருக்குப் பெருமை குறைந்ததா, கூடியதா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். புதிய பேட்டைகளில் பள்ளிவாசல் கட்டுவதற்காக 1975-ல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் மாதம் 50 காசு. அந்தக் காசுகள் சேர்ந்து, 1977-ல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் முதலாவதாக எழுந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல எழுந்தன. பிடித்தம் சம்பளக்காரருக்குத்தான், சொந்தக் கடை வைத்திருப்போருக்குச் சம்பளமுமில்லை, பிடித்தமுமில்லை. விரும்பிக் கொடுத்த வியாபாரிகள் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. கொடாதவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் ஜும்ஆவுக்குப் போகும்போது எந்தத் தொழிலாளியாவது வாசலில் நின்று, "முதலாளி, ரசீது எங்கே?" என்று கேட்டதுண்டா? பள்ளிவாசலில் ஒருவர் கூடினால் செலவு கூடாது, நிதியில் ஒருவர் கூடினால் செலவு கூடும் என்று பொருளாளர் மறுக்கலாம். மறுப்பு சரியே. ஆனால் நான் சொல்லவந்தது செலவைப் பற்றியன்று. பிறர் கொடுத்ததன் நிழலில் நாமும் நின்றிருக்கிறோம் என்பதை நினைவூட்டவே சொன்னேன். அந்த நினைவு இருந்தால், பாக்கிக்காரரின் வீட்டு வாசலில் நம் குரல் சற்றுத் தாழும்.

இதுவரை கட்டாதவரைப் பற்றிப் பேசினோம். கட்டியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிப்பது நீதியாகாது.

நாம் ஆண்டின் முதல் மாதத்திலேயே முழுச் சந்தாவையும் கட்டிவிடுகிறோம். ரசீதைக் கோப்பில் வைக்கிறோம். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில் ஜனாஸாச் செய்தி வருகிறது. "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று பதிலெழுதிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். ஜனாஸாவைப் பின்தொடர்வது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் மீதுள்ள உரிமைகளில் ஒன்று என்பதும், தொழுகைவரை இருந்தவருக்கு ஒரு பங்கும் அடக்கம்வரை இருந்தவருக்கு மலைபோன்ற இரண்டு பங்கும் நன்மை உண்டு என்பதும் நாம் சிறுவயதிலேயே கேட்டவை. ஆனால் சுவா சூ காங் தூரம், கடையில் ஆளில்லை, சரக்கு வரும் நாள். காரணங்களுக்குக் குறைவில்லை. அங்கே வெள்ளிக்குப் பஞ்சமில்லை; தோள்களுக்குத்தான் பஞ்சம். இதுவும் ஒரு சந்தா அல்லவா? இந்தச் சந்தாவில் எத்தனை ஆண்டு பாக்கி என்று கணக்கெடுத்தால், அஞ்சடிக் கடைக்காரரின் பாக்கி நம் பாக்கிக்கு முன் மிகச் சிறிதாகத் தெரியும்.

நம் கடைகளில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகளையும் இங்கே நினைக்க வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் இறந்தால், அடக்கச் செலவோ உடலை ஊருக்கு அனுப்பும் செலவோ முதலாளியைச் சேர்ந்தது என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் செலவைச் சொல்லும். ஊரில் இருக்கும் தாய்க்குத் தொலைபேசியில் யார் பேசுவது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது என்பதைச் சொல்லாது. அந்தப் பிள்ளை எந்தச் சங்கத்திலும் பெயர் பதியாதவனாயிருக்கலாம். நம்மைவிட்டால் அவனுக்கு யார்?

ஆகவே, எல்லாச் சங்கத்தாரின் ஆலோசனைக்கும் நான்கு காரியங்களை முன்வைக்கிறேன். முதலாவது, மௌத்துச் செய்தி வந்த நேரத்திலிருந்து அடக்கம் முடியும்வரை பாக்கியைப் பற்றி யாரும் வாய்திறவாதிருப்பது. தேவையானதை முன்பணமாகச் செலவிடுவது. இரண்டாவது, அதற்கென்று மேலே சொன்ன தனிப் பெட்டி. மூன்றாவது, மூன்று மாதம் சந்தா நின்றால் கடிதத்துக்குப் பதில் இருவர் நேரில் போய் நலம் விசாரிப்பது. முடியாதவர் என்று கண்டால், கூட்டத்தில் பெயரை வாசிக்காமல் சந்தாவைத் தள்ளுபடி செய்வது. நான்காவது, பேட்டைவாரியாக ஒரு முறைப் பட்டியல் வைத்து, ஒவ்வொரு ஜனாஸாவுக்கும் குறைந்தது சிலராவது கடையை அரைநாள் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது. முதல் மூன்றுக்கும் பணமும் மனமும் போதும். நான்காவதுதான் கடினம், நம் ஈமானை உரைத்துப் பார்ப்பதும் அதுதான்.

இந்நாட்டில் நிலம் குறைவு. பிடாடரியில் அடங்கியிருந்த நம் முன்னோர்களின் கபுறுகளும் 2006-க்குள் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. 1998-ல் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி ஒரு கபுறுக்கு 15 ஆண்டுதான் தவணை. அதன்பின் எஞ்சியவை எடுக்கப்பட்டுப் பலருடையவை ஒரே இடத்தில் சேர்த்து அடக்கப்படுகின்றன. தலைவரும் பொருளாளரும், சந்தா தவறாதவரும் பெயரடிக்கப்பட்டவரும் அங்கே அருகருகே சேரக்கூடும். நாம் இங்கே இவ்வளவு கவனமாகப் போட்ட கோடு மண்ணுக்குள் 15 ஆண்டுகூட நிற்பதில்லை.

விதிகள் வேண்டும், கணக்கும் வேண்டும். கணக்கில்லாத சங்கம் சந்தைக்கூட்டமாகிவிடும். ஆனால் கணக்கு எழுதுவது மனிதரைக் காப்பதற்காகவே என்பதை மறந்தால், சங்கம் பெட்டியைக் காக்கும் காவற்காரனாகிவிடும். சந்தா கட்டாதவர் மௌத்தானால் என்ன செய்வது என்று இனி யாரேனும் மகாசபையில் கேட்டால், "அடக்கம் செய்வோம்" என்று ஒரே வாக்கில் பதில் சொல்லிவிட்டு, அவர் உயிரோடிருக்கும்போது நாம் என்ன செய்தோம் என்ற கேள்விக்கு மீதிக் கூட்டத்தைச் செலவிடுவோமாக.

வல்ல அல்லாஹ் நம் கணக்குகளை எளிதாக்கி, நம் பாக்கிகளை மன்னித்து, ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் கூட்டத்தில் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.